ஆட வைக்கும் தாளத்துக்குள் இந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது? சுவீடன் பாப், மின்னிசை குறித்து ஒரு கேள்வி

கேள்வி: இரவுரயில்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நான் முறையாக இசை பயின்றவன் அல்லன், கேட்பவன் மட்டுமே. கேள்வியிலேயே பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

சென்ற மாதம், நான் அடிக்கடி கேட்கும் பாடல்களைக் கைப்பேசியில் ஒரு தொகுப்பாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, 40 பாடல்களில் 23 பாடல்கள் சுவீடன் நாட்டவர் பாடியவையாகவோ எழுதியவையாகவோ இருப்பதைக் கண்டேன். அந்த நாட்டைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. என் தந்தையார் வைத்திருந்த ஆபா கேசட்தான் முதலில் வந்தது. அதன் முதுகில் அவர் தமிழில் 'அப்பா' என்றே எழுதி வைத்திருந்ததால், உள்ளே இருப்பது அவருடைய குரல் என்று சிறு வயதில் நம்பியிருந்தேன். கல்லூரி விடுதியில் அவீச்சி வந்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு, இரவுப் பணி முடித்துத் திரும்பும் ரயிலில் பாடகி ராபின் வந்து சேர்ந்தார். மூன்றும் வெவ்வேறு காலம், வெவ்வேறு வகை. ஆயினும் மூன்றையும் கேட்கும்போது நெஞ்சில் ஒரே இடத்தில்தான் ஏதோ தைக்கிறது.

ராபின் 2010இல் வெளியிட்ட 'டான்சிங் ஆன் மை ஓன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதலே அதிர்ந்துகொண்டிருக்கும் அந்த பேஸ் ஒலி, கேட்பவரை உட்கார்ந்திருக்க விடாது. ஆனால் பாட்டில் வரும் பெண்ணோ, தான் விரும்பியவன் வேறொருத்தியோடு இருப்பதை ஒரு மூலையில் நின்று பார்த்தபடி, தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாள். அழுகையை நிறுத்திவிட்டு ஆடவும் இல்லை, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அழவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆபாவின் துள்ளலான பாடல்கள் பலவற்றிலும் இதையே கேட்கிறேன்.

இது அந்த நாட்டு இசைக்கென்று உள்ள பழக்கமா, அல்லது எனக்குப் பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு நானே கட்டிக்கொண்ட கற்பனையா? நண்பர்களிடம் கேட்டால், "குளிர் நாடு, இருட்டு அதிகம், சோகம் வரத்தானே செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. பெரிய பெயர்களைத் தாண்டி அடுத்து எவற்றைக் கேட்கலாம் என்றும் சொன்னால் நன்றியுடையவனாவேன். (ஆ-ஹா, ரோய்க்சாப் இரண்டையும் என் பட்டியலில் சேர்த்து, அவை நார்வே என்று ஏற்கெனவே ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. மேற்சொன்ன 23இல் அவை இல்லை.)

மறுமொழி: பியானோபித்தன்

அன்புள்ள இரவுரயில், உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பொதுப்படையாகப் பேசினால் இது பிடிபடாது என்பதால், ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன்: ஆபா 1975இல் வெளியிட்ட 'எஸ்.ஓ.எஸ்.'

அதன் சரணம் டி மைனர் என்னும் மேற்கத்திய சுரவரிசையில் தொடங்குகிறது. பியானோவும், அதன்மேல் குழுவின் பாடகி அங்நேத்தா ஃபால்ட்ஸ்கூக் அவர்களின் குரலும்தான். வேறெதுவும் பெரிதாக இல்லை. பிறகு சிந்தசைசர் ஒலி ஒன்று படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறுகிறது, கதவு திறந்தாற்போல் பல்லவி எஃப் மேஜரில் விரிகிறது. கர்நாடக இசைக்கும் இதற்கும் உறவு ஒன்றுமில்லை என்றாலும், நம்மவர்களுக்கு விளக்க ஒரு வசதி இருக்கிறது. நடபைரவியின் காந்தாரத்தைச் சட்ஜமாக வைத்துப் பாடினால் சங்கராபரணம் கிடைக்கும் என்பது கிரகபேதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டி மைனருக்கும் எஃப் மேஜருக்கும் உள்ள உறவும் அதுவே. சுரங்கள் அடிப்படையில் அப்படியே இருக்கின்றன. ஆதாரமாகக் கொள்ளும் இடம் மட்டுமே பெயர்கிறது. ஆகவே பல்லவியில் வெளிச்சம் வந்துவிட்டதாகக் காது நம்பும்போதும், சற்றுமுன் கேட்ட துயரத்தின் சுரங்களே அங்கும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சமான இடத்தில் பாடப்படும் சொற்களோ, காப்பாற்றச் சொல்லி அனுப்பும் அபாயக் குரல். பல்லவி முடிந்ததும் மறுபடி பியானோ, மறுபடி டி மைனர். நீங்கள் சொன்ன அந்த 'ஒரே நேரத்தில் இரண்டும்' என்பது இங்கே இசையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு 'மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி' என்ற பழைய வாய்பாட்டுக்குப் போய்விட வேண்டாம். 1980இல் வந்த 'த வின்னர் டேக்ஸ் இட் ஆல்' மேஜரில் அமைந்த பாட்டு. அதைவிடத் துயரமான பாட்டு அவர்களிடம் உண்டா என்பது ஐயம்தான். குழுவில் இருந்த பியோர்ன் உல்வேயஸ், அங்நேத்தா இருவரும் மணவிலக்குப் பெற்ற பின் பியோர்ன் எழுதி, அங்நேத்தாவே பாடியது அது. மெட்டு ஒவ்வொரு முறையும் மேலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே வருவதில்தான் அதன் வலி இருக்கிறது.

மேலே தெரியும் பளபளப்புக்கும் ஒரு செய்முறை உண்டு. ஆபாவின் ஒலிப்பதிவாளர் மிக்கேல் டிரெட்டோ, 1973இல் 'ரிங் ரிங்' பாடலைப் பதிவு செய்தபோது, வாசித்ததையே இரண்டாம் முறையும் வாசிக்கச் செய்து, அந்த இரண்டாம் பதிவின்போது ஒலிநாடாவின் வேகத்தை மிகச் சிறிதளவு மாற்றினார். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், சுருதி ஒரு மயிரிழை விலகி நிற்பதால், ஒரு கிதார் ஒரு கூட்டம்போல் ஒலிக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஓர் அறை நிறைய வாத்தியக்காரர்களை உட்காரவைத்துப் பெற்ற தடிமனை, இவர் சில பேரை வைத்துக்கொண்டே பெற்றார். தனித்து நிற்கும் ஒரு பெண் குரலுக்குப் பின்னால் இப்படி ஒரு பெருங்கூட்டம் ஒலிப்பதால்தான், அந்தத் தனிமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

வேர் எங்கே என்று கேட்டால், ஆபாவின் பென்னி ஆண்டர்சனுக்கு ஆறாவது பிறந்தநாளில் கிடைத்த அக்கார்டியனைத்தான் காட்டுவேன். தந்தையும் பாட்டனாரும் அந்த வாத்தியத்தை வாசித்தவர்கள். அவர்களிடம் கற்ற நாட்டுப்புற நடனமெட்டுகள்தான் அவருடைய முதல் பாடம். ஆடுவதற்காகவே உண்டான அம்மெட்டுகளில் பல மைனரில் அமைந்தவை. ஆகவே, வருத்தமான மெட்டுக்குக் கால் ஆடுவது என்பது டிஸ்கோ வந்த பிறகு அங்கே புதிதாகக் கற்றுக்கொண்டது அன்று.

அடுத்து எதைக் கேட்பது என்றால், ஆபாவிலேயே 1982இல் வந்த 'த டே பிஃபோர் யூ கேம்' பாடலை முதலில் கேளுங்கள். ஏறக்குறைய ஆறு நிமிடம். இசையின் பெரும்பகுதி பென்னியின் சிந்தசைசரிலேயே அமைந்தது. ஒரு பெண், தான் ரயில் ஏறியது, அலுவலகம் போனது, சாப்பிட்டது, தொலைக்காட்சி பார்த்தது என்று ஒரு சாதாரண நாளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். மறுநாள் வந்தவர் யார், அதன்பின் என்ன ஆயிற்று என்பதைப் பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. உங்கள் புனைபெயருக்கும் அது பொருந்தும்.

மறுமொழி: உப்சாலாவாசி

வணக்கம். நான் சுவீடனின் உப்சாலா நகரில் பதினோரு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசித்துவருகிறேன். பியானோபித்தன் ஐயா மெட்டின் உள்ளே நுழைந்து சொல்லிவிட்டார்; நான் வெளியே இருந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் இருட்டு. டிசம்பரில் இங்கே பிற்பகல் மூன்று மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும். அலுவலகத்தின் தேநீர் இடைவேளையில் சன்னல் கறுத்திருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. 2010இல் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஆபாவைச் சிறப்பித்தபோது, 59ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே ஒரு சோகப் பட்டை ஓடுகிறது என்னும் கருத்தில் பென்னி ஆண்டர்சனே நகைச்சுவையாகப் பேசினார். ஸ்டாக்ஹோம் அந்தக் கோட்டின்மேல்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் நண்பர்கள் சொன்னது முற்றிலும் பொய்யன்று. ஆனால் அதே இருட்டில் வாழும் பின்லாந்துக்காரர்கள் டாங்கோவையும் ஹெவி மெட்டலையும் அல்லவா தமக்குரியதாக்கிக்கொண்டார்கள்? இருட்டு சோகத்தைத் தரலாம். அதை மூன்றரை நிமிட நடனப் பாட்டாக்கும் தொழிலை இருட்டு கற்றுத்தராது.

சுவீடிஷ் மொழியில் 'வேமூட்' என்று ஒரு சொல் உண்டு. அகராதி அதற்கு 'சோகம்' என்று பொருள் தரும். ஆனால் துக்க வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் பயன்படுத்துவதில்லை. கோடை முடியும் வாரத்தில், ஏரிக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் திரும்பும்போது மனத்தில் படியுமே, அதற்குத்தான் அந்தச் சொல். நம்முடைய 'ஏக்கம்' அதற்கு மிக அருகில் வருகிறது. நீங்கள் தலைப்பில் அந்தச் சொல்லையே வைத்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

இனி அந்தத் தொழிலுக்கு வருகிறேன். இங்கே ஏறக்குறைய எல்லா ஊராட்சிகளும் இசைப்பள்ளி நடத்துகின்றன. முன்பு இசைப்பள்ளி என்று மட்டும் பெயர். இப்போது பல ஊர்களில் கலைப்பள்ளி என்கிறார்கள். என் மகள் வியாழக்கிழமைதோறும் அங்கே வயலின் படிக்கிறாள். கட்டணம் குறைவு, வாத்தியத்தையும் அவர்களிடமே சிறு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் நடைக்கூடத்தில் காத்திருந்தபோது, தன் உயரத்துக்கு இணையான டிராம்போன் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒரு சிறுவன் போனான்; அவனுக்குப் பின்னால், அடுத்த அறையில், மூன்று பதின்வயதுப் பெண்கள் கணினியில் ஒரே டிரம் ஒலியை இருபது முறை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உலகின் பாதி வானொலிகளில் ஒலிக்கும் பாடல்களை எழுதிய மேக்ஸ் மார்ட்டின், இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஹார்ன் பயின்றவர்தான். பள்ளி முடிந்து குழு அமைத்துப் பாட விரும்பும் இளைஞர்களுக்கு, 'ஸ்டூடியெஃபோர்புண்ட்' எனப்படும் கல்விச் சங்கங்கள் அரசு மானியத்தோடு ஒத்திகை அறை தருகின்றன. அண்டை வீட்டார் காவல்துறையை அழைக்காமல் டிரம் அடிக்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்குப் புரியும்.

மேக்ஸ் மார்ட்டினின் இயற்பெயர் கார்ல் மார்ட்டின் சாண்ட்பெரி. இட்ஸ் அலைவ் என்னும் மெட்டல் குழுவில் பாடிக்கொண்டிருந்தவரை, ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மென் தீவில் ஷெய்ரான் என்ற பதிவுக்கூடத்தை நடத்திவந்த டெனிஸ் பாப் அழைத்துப் பயிற்சி தந்தார். டெனிஸ் வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாத டி.ஜே.; எந்த இடத்தில் கூட்டம் ஆடத் தொடங்கும், எந்த இடத்தில் சலித்து நகரும் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஏஸ் ஆஃப் பேஸ் என்னும் சுவீடன் பாப் குழுவினர் அனுப்பிய மாதிரி கேசட் அவருடைய காரின் பிளேயரில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்ததால், வேறு வழியின்றி அதையே கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குப் பிடித்துப்போனது என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. அதிலிருந்து உருவானதே 1992இல் வந்த 'ஆல் தட் ஷீ வாண்ட்ஸ்'. 1998 ஆகஸ்டில், 35ஆம் வயதில், டெனிஸ் புற்றுநோயால் இறந்தார். ஷெய்ரான் 2000இல் மூடப்பட்டது.

அவர்கள் பாட்டுக் கட்டிய முறையைத் தமிழ்த் திரையிசை அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. முதலில் மெட்டு, அதன்மேல் தத்தகாரம், அதற்குப் பிறகே சொல். ஒரு வரியில் எத்தனை அசையோ அடுத்த வரியிலும் அத்தனை அசை. ஓர் அசை கூடினாலும் மெட்டு சிதைந்துவிடும் என்பார்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி அன்று என்பதால், சொல்லின் பொருளைவிட அதன் ஒலியே முன்னால் நின்றது. பிரிட்னி ஸ்பியர்சின் முதல் பாட்டின் பல்லவியில் வரும் 'ஹிட்' என்ற சொல்லுக்கு 'தொலைபேசியில் கூப்பிடு' என்றே அவர்கள் பொருள் கொண்டிருந்தார்கள் என்றும், அமெரிக்கர்களுக்கு அது 'அடி' என்று கேட்டது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டை முதலில் டி.எல்.சி. என்னும் அமெரிக்கப் பாடகியர் குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்ற பிறகே, 1998இல் 16 வயதுப் பிரிட்னி ஸ்டாக்ஹோமுக்கு வந்து பாடினார்.

மறுமொழி: சிந்த்கிறுக்கன்

நல்ல இழை. இருவரும் பாப் பக்கத்தை நிறைவாகச் சொல்லிவிட்டதால் நான் மின்னிசைப் பக்கத்துக்குப் போகிறேன். ஆனால் உப்சாலாவாசி அவர்களின் விளக்கத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. இசைப்பள்ளியும் பதிவுக்கூடமும் திறமைக்கு விளக்கம் தருகின்றன. இரவுரயில் கேட்ட ஏக்கத்துக்கு அவை விளக்கம் ஆகவில்லை. கருவிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2003இல் நான் கல்லூரி மாணவன். விடுதியில் ஒருவனிடம் இருந்த கணினியில் 'ரீசன்' என்ற மென்பொருளை முதன்முறை பார்த்தேன். திரையில் சிந்தசைசர்களும் டிரம் இயந்திரங்களும் அலமாரி போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவன் 'டேப்' விசையைத் தட்டினான். முழு அலமாரியும் திரும்பி முதுகைக் காட்டியது. அங்கே தொங்கிய வயர்கள் உண்மையான வயர்கள்போல் ஊசலாடிவிட்டு நின்றன. அந்த ஊசலாட்டத்துக்காகவே அன்றிரவு நாங்கள் அந்த விசையை எத்தனை முறை தட்டியிருப்போம் என்று கணக்கில்லை. ஸ்டாக்ஹோமின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் 2000இல் வெளியிட்டது அது. மேடைகளில் நீங்கள் பார்க்கும் சிவப்பு நிற நார்ட் கீபோர்டும் ஸ்டாக்ஹோமில் பிறந்ததே. பழைய அனலாக் சிந்தசைசரின் ஒலியைக் கணக்கீட்டின் மூலம் உண்டாக்கிய நார்ட் லீட் 1995இல் வந்தது. சிறிய, வெள்ளை நிற ஓபி-1 கருவியை டீனேஜ் எஞ்சினியரிங் 2011இல் கொண்டுவந்தது. கருவி செய்பவரும் பாட்டுக் கட்டுபவரும் ஒரே ஊரில் இருந்தால், பெரிய ஸ்டூடியோவின் தயவு தேவைப்படாமல் படுக்கையறையில் தனியாக அமர்ந்து நடனப் பாட்டு செய்ய முடிகிறது. ஆயிரம் பேர் கூடி ஆடுவதற்கான இசையை ஒருவர் மட்டும் ஹெட்போனுக்குள் அடைந்து செய்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். எனக்கு அந்த ஏக்கத்தின் ஒரு பங்கு அங்கிருந்து வருவதாகவே படுகிறது.

இதற்கு முதல் சாட்சி த நைஃப். கரின் டிரையர், ஊலொஃப் டிரையர் என்னும் உடன்பிறப்புகள் இருவர். 2003இல் வந்த 'ஹார்ட்பீட்ஸ்' அவர்களுடையது. அதே பாட்டை யோத்தெபொரியில் பிறந்த ஹொசே கொன்சாலெஸ் வெறும் கிதாரோடு மெதுவாகப் பாடியிருக்கிறார். சான்பிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் வண்ணப் பந்துகள் துள்ளி உருளும் 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒலித்தது அந்த வடிவமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தாளத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே எவ்வளவு மென்மையான பாட்டு இருந்திருக்கிறது என்பது தெரியும். பிறகு 2006இல் வந்த 'சைலண்ட் ஷவுட்' தொகுப்புக்குப் போங்கள். கரின் தம் குரலின் சுருதியை இயந்திரத்தால் கீழே இறக்கி, ஆண் குரலா பெண் குரலா என்று தெரியாதபடி செய்திருப்பார். முதல் முறை கேட்கும்போது எனக்கு அச்சமாகவே இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட அறிவுரை.

ராபினின் கதையும் இதோடு பின்னியதே. 1997இல் டெனிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் கைவண்ணத்தில் 'ஷோ மீ லவ்' பாடி அமெரிக்காவில் வெற்றி கண்டவர் அவர். பதின்வயதுப் பாப் பாடகியாகவே தொடர்ந்திருக்கலாம். மாறாக, 2005இல் கோனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கி, த நைஃப் குழுவினரோடு சேர்ந்து வேறு இசைக்குப் போனார். 2007இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'வித் எவ்ரி ஹார்ட்பீட்', சுவீடன் இசைத் தயாரிப்பாளர் கிளேருப்புடன் அவர் செய்தது. உங்களுக்குப் பிடித்த 2010ஆம் ஆண்டுப் பாட்டை விட எனக்கு இதுவே உயர்ந்தது.

சோகம் என்றால் இருள்தான் என்று நினைப்பவர்களுக்கு யோத்தெபொரி நகரத்து இளைஞர்களை அறிமுகப்படுத்த வேண்டும். (ஆங்கிலத்தில் கோதன்பர்க் என்பதும் இந்த ஊரே.) ஸ்டூடியோ என்ற பெயருடைய இரட்டையரின் 'வெஸ்ட் கோஸ்ட்', த டஃப் அலயன்சின் 'எ நியூ சான்ஸ்', ஏர் ஃபிரான்சின் 'நோ வே டவுன்' ஆகிய மூன்றும் 2006க்கும் 2008க்கும் இடையில் வந்தவை. வெயில், கடற்கரை, திறந்த சன்னல் என்று எல்லாம் வெளிச்சமாகவே ஒலிக்கும். ஆனால் மழை ஓயாத ஒரு துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு கற்பனை செய்த வெயில் அது.

அவீச்சியைப் பற்றி ஒன்று மட்டும். டிம் பெர்லிங் என்ற அந்த ஸ்டாக்ஹோம் இளைஞர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர், பௌத்தத்தில் நரகங்களிலேயே அடிமட்டமான அவீசியின் பெயர். 2011இல் வந்த 'லெவல்ஸ்' பாட்டில் அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடிய குரல் துண்டு ஒலிக்கிறது. 2013இல் மயாமி விழா மேடையில் கிதாரும் பாஞ்சோவும் வாசிப்பவர்களை ஏற்றி 'வேக் மீ அப்' பாட்டை முதன்முதலாக அளித்தபோது கூட்டம் முகம் சுளித்தது. சில மாதங்களில் அதே பாட்டு பல நாடுகளில் முதலிடத்துக்கு வந்தது. 2018 ஏப்ரலில், 28 வயதில், மஸ்கட்டில் அவர் இறந்தார். அவருடைய பாடல்களில் இன்று கேட்கும் துயரத்தில் எவ்வளவு அன்றே இருந்தது, எவ்வளவு நாம் பின்னர் ஏற்றியது என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே உங்கள் வாதத்துக்கு அவரைச் சாட்சியாக அழைக்க நான் தயங்குவேன்.

கடைசியாக, நம் பக்கத்து நூல் ஒன்று இந்த நெசவில் இருக்கிறது. பிரிட்னியின் 'டாக்சிக்' பாடலை உருவாக்கிய பிளட்ஷை அண்ட் அவாண்ட், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த கிறிஸ்டியன் கார்ல்சன், பொந்துஸ் வின்பெரி என்னும் இருவர். அதில் கூர்மையாகக் கீறிக்கொண்டு வரும் வயலின் துண்டு, கே. பாலச்சந்தர் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 1981ஆம் ஆண்டு இந்திப் படமான 'ஏக் தூஜே கே லியே'வில், லதா மங்கேஷ்கரும் எஸ்.பி.பி.யும் பாடிய 'தேரே மேரே பீச் மேன்' பாட்டிலிருந்து எடுத்தது. இசை லட்சுமிகாந்த் பியாரேலால். சேர முடியாத காதலர்களைப் பற்றிய படத்தின் வயலினை வெட்டி எடுத்து, உலகம் முழுவதையும் ஆட வைத்திருக்கிறார்கள்!

மறுமொழி: இரவுரயில்

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே கழிந்தது.

பியானோபித்தன் ஐயா, 'எஸ்.ஓ.எஸ்.' பாடலை ஹெட்போனில் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்தக் கதவு திறக்கும் இடத்தைப் பத்து முறையாவது திருப்பிப் போட்டிருப்பேன். இத்தனை ஆண்டுகளாக அதைக் குதூகலமான பாட்டு என்றே நினைத்திருந்தது பல்லவி மட்டும் மனத்தில் தங்கியதால்தான் என்று இப்போது விளங்குகிறது.

'த டே பிஃபோர் யூ கேம்' பாடலைத் தந்தையாருக்கும் போட்டுக் காட்டினேன். அவருடைய கேசட்டில் அது இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "வந்தவன் நல்லவனாக இருந்திருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார். நான் அதைக் காதல் பாட்டாகவே கேட்டிருந்தேன்.

சிந்த்கிறுக்கன், 'டாக்சிக்' செய்தியை நம்பாமல் இரண்டையும் தேடிப் பிடித்துச் சரிபார்த்தேன், அதற்காக மன்னிக்கவும். ஒரு துணைக் கேள்வி: 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' முடியும்போது பாட்டு முடிந்த உணர்வே வரவில்லை. என் ரயில் நிலையம் வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அது ஏன்?

மறுமொழி: பியானோபித்தன்

இதற்கு நான் விடை சொல்ல முந்திக்கொள்கிறேன், சிந்த்கிறுக்கன் பொறுத்தருள்க. அந்தப் பாட்டில் நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் பல்லவி என்று ஒன்று வந்து அமர்வதே இல்லை. நடுவில் தாளம் முழுவதும் விலகி வயலின்கள் மட்டும் தங்குகின்றன. இனிப் பல்லவி வந்துவிடும் என்று காது தயாராகிறது. தாளம் திரும்பும்போது வருவது ஒரே ஒரு வரி. அதையே அவர் மீண்டும் மீண்டும் பாடுகிறார். உள்ளே கார்டுகளும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளும்) ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டமடிக்கின்றனவே தவிர, 'இதோ வந்து சேர்ந்தோம்' என்று எங்கும் இறங்கி நிற்பதில்லை. நம் கச்சேரியில் ஒருவர் சட்ஜத்தில் வந்து நிற்காமலே எழுந்து போய்விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

உங்கள் தந்தையார் சொன்னதைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னணியில் ஆபாவின் மற்றொரு பாடகி அன்னி-ஃப்ரிட் லிங்ஸ்டாட் ஓபரா பாடகிபோல் உயரத்தில் இழுக்கும் அந்தக் குரலை மட்டும் தனியாகக் கவனித்துக் கேட்டால், அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.